உட்கார்ந்து சாப்பிடும் வாழ்வு

ஏம்பலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த என்னைப் பெண் பார்க்கப் பாகூரிலிருந்து வந்தார்கள். "எங்க வூட்ல ஒங்க பொண்ணு கால் தரையில படாது. உக்காந்து சாப்பிடலாம்" என்றார் மாப்பிள்ளையின் தாயார். என் அம்மா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

சொன்னபடியே நடந்தது. நெல் குத்த ஆள், தண்ணீர் இறைக்க ஆள். அடுத்த தெருக் கோயிலுக்குக்கூடக் கூண்டு வண்டி. உடம்பு பெருத்தது, ஊர் அதை லட்சணம் என்றது. பிறகு ஓயாத தாகம். காலில் வந்த புண் ஆறவில்லை. நான் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் துரை டாக்டர் பிரெஞ்சில் சொன்னதைக் கன்னியாஸ்திரீ தமிழில் சொன்னார். "இது நீரிழிவும்மா. குந்திகினே இருந்தா முத்திப்போயிடும். தெனம் நடக்கணும்."

வரப்பில் நடக்கட்டுமா என்று கணவரிடம் கேட்டேன்.

"இன்னாடி பேசற? வண்டிமாட்ட வித்துட்டோம்னு ஊரு சிரிக்கும்" என்றார்.

போன தையில் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். "ஒங்க பொண்ணு எங்க வூட்ல உக்காந்து சாப்பிடலாம்" என்றாள் சம்பந்தியம்மாள். வீடே பூரித்தது.

"வயக்காட்டுக்கு நடக்க வுடுவீங்களா?" என்று கேட்டேன்.

"இவளுக்கு ஒடம்பு சரியில்ல" என்று கணவர் என்னைக் காட்டிச் சிரித்து மழுப்பினார். மகளுக்குச் சீராக அவர் கொடுத்தது ஒரு புதுக் கூண்டு வண்டி.

கல்யாணம் முடிந்து மகளை ஏற்றிக்கொண்டு அது கிளம்பியதும், கட்டுப்போட்ட காலோடு பின்னாலேயே ஊர் எல்லைவரை நடந்தேன். தாய்ப்பாசம் என்று நினைத்ததால் அன்று மட்டும் யாரும் என்னைத் தடுக்கவில்லை.