ஊசி இல்லாத மோட்டார்சைக்கிள்

மாமா மோட்டார்சைக்கிளில் வந்தார் என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். உண்மையில் அவர் மோட்டார்சைக்கிளோடு வந்தார். ரொறொன்ரோவிலிருந்து அதில் ஏறித்தான் புறப்பட்டிருந்தார். எங்கள் தெருவுக்குத் திரும்பும் சந்தியில் அது இருமி, தும்மி, நின்றுவிட்டது. மிச்சத் தூரத்துக்கு அவர் அதைத் தள்ளினார். அந்த வருடத்து முதல் பனி விழுந்துகொண்டிருந்த பின்னேரம். தலைக்கவசம் முழுக்க வெள்ளையாக ஒருவர், நடக்க மறுக்கும் பெரிய நாயொன்றை இழுத்து வருவதுபோல வருவதை நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். சப்பாத்துக்கூடப் போடாமல் வெளியே ஓடினார்.

அவர் அம்மாவின் தம்பி. அம்மாவின் கூடப்பிறந்தவர்களில் இந்த நாட்டில் இருந்தவர் அவர் ஒருவர்தான். கோடை விடுமுறையில் மாமியையும் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டு நாள் நின்று, எங்கள் எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டுப் போகிறவர். இந்த முறை மாமி வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டேன். "மாமா லீவிலை வந்திருக்கிறார்" என்றார் அம்மா. எனக்குப் பத்து வயது. லீவில் வருகிறவர்கள் இவ்வளவு குறைவாகச் சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்போது நாங்கள் கியூபெக்கில், கார்ட்டியர்வில் என்ற இடத்தில் இருந்தோம். தெருவிலிருந்து ஒரு சரிவு இறங்கி வீட்டுக்கு அடியில் இருக்கும் கராஜுக்குள் போகும். கராஜிலிருந்து ஒரு கதவு நிலவறைக்குத் திறக்கும். நிலவறையில் ஓர் அறை. அறை மாமாவுக்குப் போனது, கராஜ் மோட்டார்சைக்கிளுக்குப் போனது, அப்பாவின் கார் தெருவுக்குப் போனது. அப்பாவுக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. விடியுமுன் எழுந்து கார்க் கண்ணாடியில் பனி சுரண்டும் கடமை அன்றிலிருந்து அவருக்கு வந்து சேர்ந்தது. சுரண்டும் சத்தத்திலேயே அன்றைக்கு அவருடைய மனநிலை எப்படி என்று படுக்கையில் கிடந்தபடி என்னால் சொல்ல முடியும்.

"இது சரியானதும் போறன், அத்தான்" என்றார் மாமா.

"குளிருக்கை இதை றோட்டிலை ஏத்த விடமாட்டாங்கள். ஆறுதலாய்ச் செய்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார் அப்பா. மாமா அதை அவ்வளவு உண்மையாக எடுத்துக்கொள்வார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு அந்த வயதில் எதைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மணிக்கூட்டையும் அம்மாவின் தலைமயிர் உலர்த்தியையும் திறந்து பார்த்து, இரண்டையும் மூட முடியாமல் ஏச்சு வாங்கியிருந்தேன். அப்படிப்பட்ட எனக்கு, வீட்டுக்கு அடியில் ஒரு முழு மோட்டார்சைக்கிள், அதுவும் பெரியவர் ஒருவரே அதைக் கழற்றிக்கொண்டிருக்கிறார் என்றால் கேட்கவா வேண்டும்? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டுக் கராஜுக்கு இறங்கிவிடுவேன்.

மாமா முதலில் பற்றரியைக் கழற்றித் தன் அறையில் வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகைமேல் வைத்தார். குளிரில் அது செத்துப்போகுமாம். டயர்கள் சீமெந்தில் அழுந்திக் கிடந்தால் சப்பையாகிவிடும் என்று வண்டியைக் கட்டையில் தூக்கி நிறுத்தினார். ஒயிலை வடித்து மாற்றினார். சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தார். பிறகு காபரேட்டரைக் கழற்றினார். பெட்ரோலும் காற்றும் கலக்கிற இடம் அதுதான். பழைய பெட்ரோல் அதற்குள் பாகுபோலக் காய்ந்து, சின்னச் சின்னத் துளைகளை அடைத்திருந்தது.

"பெட்ரோல்தானே எரியுது. காத்து என்னத்துக்கு?"

"நீ மூச்சு விடாமச் சாப்பிடுவியோ?"

"கொஞ்ச நேரம் சாப்பிடுவன்."

"அப்ப இதுவும் கொஞ்ச நேரம் ஓடும்" என்றார் மாமா. அந்தக் குளிர்காலத்தில் அவர் சிரித்ததை நான் முதன்முதலில் கண்டது அப்போதுதான்.

திருத்தும் முறைகளைச் சொல்லும் பழைய புத்தகம் ஒன்றை எங்கேயோ வாங்கி வந்திருந்தார். அது பிரெஞ்சில் இருந்தது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் வாசிக்கும் வேலை எனக்கு. அதில் இருந்த படங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். வண்டி வெடித்துச் சிதறும் கணத்தில் எடுத்த படம்போல ஒவ்வொரு உறுப்பும் காற்றில் தனித்தனியாக நிற்கும். கழற்றிய ஆணிகளையும் துண்டுகளையும் முட்டை அட்டைகளின் குழிகளில் போட்டு வரிசையாக வைத்தோம். ஒவ்வொரு குழிக்கும் நான் ஒரு பெயர் வைத்திருந்தேன்.

மேலே சமையலறையில் அம்மா தினமும் ஒரே முறைப்பாட்டைச் சொன்னார். "வீடெல்லாம் பெட்ரோல் மணம். ஆரும் வந்தா என்ன நினைப்பினம்?" டோர்வல் விமான நிலையத்தில், பயணிகளுக்கான சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் வேலை அம்மாவுக்கு. வேலையால் வந்ததும் குளிர்ச்சட்டையைக் கழற்றுமுன் கராஜுக்கு இறங்கி, தம்பியைப் பார்த்து, மணக்கிறது என்று ஏசிவிட்டுத்தான் மேலே வருவார். மணம் பிடிக்காதவர் எதற்காகத் தினமும் தானாகவே அங்கே போகிறார் என்பது எனக்குப் புரியவில்லை.

மாசி மாதம் ஒருநாள், விழுந்ததுமே பனிக்கட்டியாகிவிடும் உறைமழை பெய்தது. மின்சாரம் நின்று, பள்ளிக்கூடம் எங்களை மத்தியானமே அனுப்பிவிட்டது. வாசற்படி கண்ணாடிபோல இருந்ததால், கம்பியைப் பிடித்தபடி சரிவில் இறங்கினேன். கராஜ் கதவு என் முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து புகையும் ஒரு சத்தமும் வந்தன.

குனிந்து பார்த்தேன். மோட்டார்சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. இருமவில்லை, தும்மவில்லை. மாமா அதன்மேல் ஏறி, இரண்டு கைகளாலும் கைப்பிடிகளைப் பிடித்தபடி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை. பஸ்ஸில் தன் இடம் வரட்டும் என்று இருப்பவரின் முகம்.

"மாமா! ஓடுது!"

திடுக்கிட்டு நிறுத்தினார். "ஓம். ஓடுது."

"அப்ப சரியாயிட்டுதோ?"

"இல்லை. ஓடினா மட்டும் காணாது, பிள்ளை." இறங்கி, எஞ்சின் சூடு ஆறுமுன்னரே காபரேட்டரைத் திரும்பவும் கழற்றத் தொடங்கினார். துண்டுகளை ஒவ்வொன்றாக முட்டை அட்டையில் போட்டார். "அக்காட்டைச் சொல்லிப்போடாதை" என்றார்.

அன்று சாப்பாட்டு மேசையில் அப்பா, வண்டி சரியாகிவிட்டதா என்று வழமைபோலக் கேட்டார். மாமா சோற்றைப் பார்த்தபடி, "இன்னும் சரிவரேல்லை, அத்தான்" என்றார்.

பொய் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். செய்யாத வீட்டுப்பாடத்தைச் செய்துவிட்டேன் என்பது பொய். செய்து முடித்ததைச் செய்யவில்லை என்று ஒருவர் ஏன் சொல்ல வேண்டும்?

பொறுமை முதலில் போனது அப்பாவுக்குத்தான். ஒரு சனிக்கிழமை, தன்னோடு வேலை செய்யும் ஒருவரைக் கூட்டி வந்தார். பெரிய மீசை வைத்த கியூபெக்காரர். இளமையிலிருந்தே மோட்டார்சைக்கிள்களோடு வாழ்பவராம். அவருக்குத் தெரிந்தது பிரெஞ்சு. அப்பாவுக்குத் தெரிந்தது வேலைத்தலத்து ஆங்கிலம். இரண்டு பேரும் களஞ்சியத்தில் கையைக் காட்டியே கதைப்பவர்கள். ஆகவே மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். மாமா சுவரோடு ஒட்டி நின்றார். அவருடைய காதுகள் சிவந்திருந்தன.

மீசைக்காரர் காபரேட்டர்த் துண்டுகளை அட்டை அட்டையாகப் பார்த்தார். பிறகு விரலால் எதையோ தேடினார். ஓர் ஊசியைக் காணவில்லை என்று என்னிடம் சொன்னார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளை ஊசி. பெட்ரோல் அளவுக்கு மேல் ஏறாமல் வழியை அடைப்பது அதுதான். அது இல்லாவிட்டால் பெட்ரோல் வழிந்து எல்லா இடமும் ஓடும். எஞ்சினைத் தொடவே கூடாது. இவ்வளவு பழைய வண்டிக்கு அதைத் தேடி எடுக்க வாரக்கணக்கில் ஆகும்.

நான் சொல்லி முடிக்க, மாமா பாய்ந்து வந்து முட்டை அட்டைகளைக் கிளறினார். அந்த முகத்தை நான் வடிவாகப் பார்த்தேன். அது நடிப்பில்லை. ஊசி எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

மீசைக்காரர் குந்தியிருந்து புகைக்குழாய்க்குள் விரலை விட்டார். கரியை முகர்ந்து பார்த்துவிட்டு, இந்த எஞ்சின் கொஞ்ச நாளுக்கு முன்னர் நன்றாக ஓடியிருக்கிறது என்றார்.

"என்னவாம்?" என்று கேட்டார் அப்பா.

"நல்ல எஞ்சினாம்" என்றேன்.

அந்த நேரம் அம்மா தேத்தண்ணீர்த் தட்டோடு இறங்கி வந்து, "பொன்ஜூர்" என்று சொல்லி எல்லாருக்கும் கொடுத்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மணம் என்றுகூட முறைப்படவில்லை.

அவர்கள் போன பிறகு மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ எடுத்தனியோ?"

"இல்லை. நீங்கள் ஒளிச்சு வைக்கேல்லையோ?"

"நான் ஏன் ஒளிக்கிறன்?" என்றார். பிறகு, அதைக் கேட்க எனக்கு நியாயம் இருக்கிறது என்பது நினைவு வந்ததுபோலக் கைவிளக்கை எடுக்கத் திரும்பினார். இருவரும் தரையெல்லாம் தவழ்ந்து தேடினோம். காணாமற்போன இரண்டு ஆணிகளும் என் பழைய காதுத்தோடு ஒன்றும் கிடைத்தன. ஊசி கிடைக்கவில்லை.

அடுத்த நாள் சமையலறையில் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. வண்டி ஓடியதைக் கண்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா கத்தியை வைத்தார். அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும். அண்டைக்கு வேலையாலை வர, படியெல்லாம் புகை மணந்தது" என்றார். பிறகு என் முகத்துக்கு நேரே குனிந்து, "கராஜ் கதவு திறந்து கிடந்ததோ, பூட்டிக் கிடந்ததோ?" என்று கேட்டார்.

"திறந்து கிடந்தது."

"எவ்வளவு? காட்டு."

நான் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். அம்மா அந்த இடத்தையே பார்த்தார். "வடிவாய்ப் பாத்தனியோ?" என்று இன்னொரு தரம் கேட்டார். ஓம் என்றேன். வண்டி எப்படி ஓடியது, மாமா என்ன சொன்னார் என்று கேட்காமல், கதவைப் பற்றி மட்டும் கேட்கிறாரே என்று எனக்குச் சப்பென்று போய்விட்டது. அம்மா திரும்பி வெங்காயத்தை அரிந்தார். மூக்கை உறிஞ்சினார். வெங்காயம் என்றால் அப்படித்தானே.

பங்குனி முடியப் பனி உருகித் தெருவோரம் ஆறுபோல ஓடியது. மாமா மெல்ல மெல்லப் பழைய மாமாவாகிக்கொண்டிருந்தார். இரண்டாம் தரம் சோறு கேட்டார். அப்பாவுக்கு முன்னரே எழுந்து, கார்க் கண்ணாடியில் இரவில் உறைந்த பனியைச் சுரண்டிக் கொடுத்தார். தொலைபேசியில் யாருடனோ வேலையைப் பற்றியும், வாடகைக்கு ஓர் அறையைப் பற்றியும் கதைத்தார். ஒருநாள் தானாகவே சொன்னார்: "அக்கா, ஊசி வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நான் வாற கிழமை பஸ்ஸிலை போறன். பேந்து வந்து இதை எடுக்கிறன்."

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய், இங்கே இருக்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைக்கும் தையல் பெட்டியைத் திறந்து, துணித்துண்டில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பித்தளை ஊசி.

மாமாவின் வாய் திறந்தது. "நீயோ?"

"ஓம்."

"ஏன் அக்கா?"

"வீடெல்லாம் மணந்தது" என்றார் அம்மா.

மாமா சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்பா இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தான் சுரண்டிய பனியெல்லாம் வீண் என்று சொல்லித் தானும் சிரித்தார். அடுத்த வாரம் மாமா பஸ்ஸில் போகவில்லை. மோட்டார்சைக்கிளில், அதன்மேல் ஏறியே போனார். மாமியும் அவரும் பிறகு சேரவில்லை. இன்று ரொறொன்ரோவில் மற்றவர்களுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறார். வருகிற நேரமெல்லாம் எங்களைச் சிரிக்க வைக்கிறார்.

நான் கார் ஓட்டப் பழகிய முதல் குளிர்காலத்தில், ஒரு காலை கராஜுக்குள் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, சூடாகட்டும் என்று உள்ளேயே இருந்தேன். அம்மா வெறுங்காலோடு படியிறங்கி ஓடி வந்தார். ஒரு சொல்லும் சொல்லாமல் முதலில் கராஜ் கதவை மேலே தூக்கினார். பிறகு என் கையைப் பிடித்து வெளியே பனிக்குள் இழுத்தார். "கதவைப் பூட்டி வச்சுக்கொண்டு எஞ்சின் போட்டால் அந்தப் புகை ஆளைக் கொல்லும், தெரியாதோ?" என்று கத்தினார். கத்தி முடிந்த பிறகும் என் கையை விடவில்லை. அந்தப் பிடியில்தான், ஒரு குளிர்காலம் முழுவதும் அவர் தன் தம்பியை நினைத்து எதற்குப் பயந்தார் என்பது எனக்கு விளங்கியது.

"மாமா அப்பிடி யோசிச்சவரோ, அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லை. அவன் அப்பிடிப்பட்டவன் இல்லை. கதவு திறந்துதானே கிடந்தது" என்றார். பிறகு, "எண்டாலும் நான் வேலையிலை நிண்டுகொண்டு எத்தினை நாள் யோசிக்கிறது?" என்றார்.

ஆனால் பத்து வயதில் இது எதுவும் எனக்குத் தெரியாது. மாமா போன அடுத்த திங்கட்கிழமை, வகுப்பில் எழுந்து நின்று கதை சொல்லும் முறை எனக்கு வந்தது. பெட்ரோல் மணம் பிடிக்காத அம்மா, தம்பியின் மோட்டார்சைக்கிள் ஊசியைக் களவெடுத்துத் தையல் பெட்டிக்குள் வைத்த கதையைச் சொன்னேன். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியைகூடச் சிரித்தார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான்.