ஓரத்தில் தடித்த கறுப்பு

சேதி வந்தபோது தகட்டுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். "செல்வமணி சாருக்குக் காலையில நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என்று வாட்ச்மேன் வந்து நின்றார். கையிலிருந்த டப்பாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஆய்வகத்தையே சுற்றிச் சுற்றி நடந்தேன். இப்போதும் உட்கார முடியவில்லை. நின்றபடிதான் எழுதுகிறேன்.

நான் எட்டாவது படித்தவள். தீப்பெட்டி ஆபீசை விட்டு, சிவகாசிப் பக்கம் இந்த இன்ஜினியரிங் கல்லூரிக்குக் கூட்டிப் பெருக்க வந்தேன். தகட்டுக்குக் கறுப்பு அடிக்கும் வேலையை இந்த ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட செல்வமணி சார்தான் கொடுத்தார்கள். மெஷின் தகட்டை இழுத்து இழுத்து விடும்போது துளியூண்டு சூடு ஏறி இறங்கும். கறுப்பு இருந்தால்தான் சூட்டைப் படம் பிடிக்கும் கேமராவுக்கு அது சரியாகத் தெரியும்.

"கேமரா மொத்தத்தைத்தான் சொல்லும்க்கா. ஒரு பக்கம் இழுக்குது, குறுக்க அமுக்குதுன்னு வைங்க. ரெண்டும் சமமா இருந்தா அங்கன ஒண்ணுமே இல்லாத மாதிரி காட்டும். கணக்குப் போட்டுத்தான் பிரிக்கணும்."

"எங்க வீடு மாதிரின்னு சொல்லுங்க சார். உள்ள ஆளுக்கொரு பக்கம் இழுத்தாலும் வெளிய சத்தமே கேக்காது."

சார் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

போன காலண்டர் சீசனில் ஓர் அச்சகத்திலிருந்து அட்டை வெட்டும் மெஷினின் இரும்புக் கையைச் சோதிக்கக் கொண்டுவந்தார்கள். என் மகள் வேலை பார்க்கும் மெஷின். கேமரா எடுத்த படத்தில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது.

"ஒண்ணும் இல்லையே சார். காலண்டர் ஆர்டர் நிக்குது. நல்லாருக்குன்னு எழுதிக் குடுங்க" என்று அச்சக மேனேஜர் பறந்தார்.

"படத்துல இல்லேன்னா இரும்புல இல்லேன்னு ஆயிருமாய்யா?"

சார் கணக்கில் உட்கார்ந்தார்கள். ஓரத்து எண்கள் தாறுமாறாக வந்தன. "ஓரத்துல எப்படிக்கா அடிச்சீக?" என்று கேட்டார்கள். பட்டாசுப் பெட்டி ஓரத்தில் கலர்த்தாள் பட்டி ஒட்டுகிற மாதிரி, லட்சணமாக இருக்கட்டும் என்று ஓரம் முழுக்க இரண்டு தரம் அடித்திருந்தேன். வேலை போய்விடும் என்று பயம். ஆனால் மகளின் விரல்கள் கண்முன் வந்தன. சொல்லிவிட்டேன்.

"நல்லவேளை சொன்னீக. பெயின்ட் தடிச்சா சூட்டைச் சரியாக் காட்டாது. அப்ப அந்த ஓரத்து எண்ணை நம்ப வேண்டாம். உள்ள இருக்கிறத வச்சு ஓரத்துக்குப் போவோம். ஓரத்துக்கு வெளிய அதைப் பிடிச்சுத் தள்ள யாருமில்ல. அது ஒண்ணு நிச்சயமாத் தெரியும்ல? அதை வச்சுக் கணக்கைப் பிடிச்சிரலாம்."

மறுநாள் மத்தியானம் கணக்கு முடிந்தது. வெறுமையாகத் தெரிந்த இடத்தில்தான் இழுப்பும் அமுக்கும் அளவுக்கு மீறி இருந்தன. அந்தக் கையை மாற்றினார்கள். என் மகள் இன்றைக்கும் பத்து விரலோடு கம்பெனி வேனில் ஏறிப் போனாள்.

சாரும் வெளியே சத்தமில்லாமல்தான் இருந்தார்கள். உள்ளே என்ன இழுத்தது, என்ன அமுக்கியது என்று நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது.

காலையில் அடித்த தகடு காய்ந்துவிட்டது. மெஷினில் மாட்டத்தான் ஆளில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஓரம்வரை மெலிசாகத்தான் அடித்திருக்கிறேன், சார். போய் வாருங்கள்.