நோவுக்கு எத்தனை புள்ளி

ஊரில், அரியாலையில், காலையில் ஓடப் போனால் ஓட விடமாட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதுக்காரன் அரைக் காற்சட்டையோடு ஓடினால், வீட்டில் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். முதல் நாளே மூன்று பேர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஏறச் சொன்னார்கள். நோர்வேயில், நான் இருக்கும் பேர்கனில், நடுத்தெருவில் விழுந்து கிடந்தாலும் "சுகமா?" என்று கேட்பார்கள். "சுகம்" என்றால் போய்விடுவார்கள். என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு அங்கே.

அங்கே நான் பஸ் ஓட்டுகிறேன். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, எட்டிப் பார்த்தபோது, நடந்தாலே போதும் என்றார் டொக்டர். நானோ நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லனுக்குப் பெயர் கொடுத்து, ஊர்ச் சங்கம் முழுக்கச் சொல்லி, பெயர் பொறித்த ரீசேர்ட்டும் அடித்துவிட்டேன். பந்தயத்துக்கு இன்னும் ஒரு மாதம். ஆசையில் ஓடும் தூரத்தை ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கியதில், வலது முழங்காலின் வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டது. பிசியோதெரபிஸ்ட் இங்ரிட் ஒரு விதி போட்டாள். தினமும் நோவுக்குப் பத்துக்குள் புள்ளி போட்டு அனுப்பவேண்டும். மூன்றைத் தாண்டினால் ஓடக்கூடாது. வேகத்தை என் கடிகாரமே அவளுக்கு அனுப்பிவிடும். நான் தினமும் இரண்டு என்று அனுப்பினேன். பாவம், நம்பினாள். விடுமுறைக்குத் தங்கச்சி வீட்டுக்கு வந்த பிறகும் அதே இரண்டுதான்.

நாலாம் நாள், தங்கச்சி வீட்டுக்கு மீன் கொடுக்கும் குருநகர் அருளப்பு பின்னால் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"அண்ணை, காலுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாட்டி ஏன் நொண்டுறியள்? சந்தியிலயிருந்து பாத்துக்கொண்டு வாறன். ஏறுங்கோ."

ஏறினேன். வாசலில் இறக்கிவிட்டு, மீன் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளிச் சொப்பின் பையில் போட்டுத் தந்தார். வியாபாரம் முடிந்து மத்தியானம் திரும்பும்போது, கேளாமலே இன்னொரு பையும் தந்தார்.

அதை முழங்காலில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தபோது இங்ரிட்டின் செய்தி வந்தது. கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டேன். "கடைசி இரண்டு கிலோமீற்றரும் நம்பமுடியாத வேகம். நோவு எத்தனை?"

இரண்டு என்று அடிக்கப் போனேன். முப்பது வருடமாக அங்கே வேலையிடத்தில், டொக்டரிடம், பெற்ற பிள்ளைகளிடம், யார் கேட்டாலும் நான் இரண்டுதான். வெட்கமாக இருந்தது. அழித்துவிட்டு ஏழு என்று அனுப்பினேன். அந்த வேகம் மோட்டார் சைக்கிளுடையது என்றும் எழுதினேன்.

ஆறு வாரம் ஓட்டம் இல்லை என்று பதில் வந்தது. பந்தயம் போயிற்று. கண் கலங்கியது, ஆனாலும் ஏதோ பாரம் இறங்கியது போல இருந்தது. இடது காலில் காலையிலிருந்து கழற்றாத, பேர்கனில் வாங்கிய விலைகூடிய சப்பாத்து. வலது காலில் குருநகர் ஐஸ் உருகி வழிந்தது. தங்கச்சியின் பூனை மீன் வாசத்துக்கு வந்து, நோகிற காலை நக்கத் தொடங்கியது. சப்பாத்துப் போட்ட காலை அது திரும்பியும் பார்க்கவில்லை.