டேங்க் ஃபுல்லா இருக்கு

எனக்கு மூக்கு அதிகம். பக்கத்து வீட்டில் பால் தீய்ந்தால் எங்கள் வீட்டில் எழுந்து உட்காருகிறவள் நான். என் கணவர் இதை ஒரு வியாதி என்பார். அதனால் கார் ஷெட்டில் பெட்ரோல் வாடை வருகிறது என்று நான் சொன்னபோது அவர் செய்தித்தாளிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பெட்ரோல் காருல பெட்ரோல் வாடை வராம சாம்பிராணி வாடையா வரும்?" என்றார்.

அது அவருடைய அப்பா விட்டுப்போன கார். காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் மாதக்கணக்கில் சும்மா நிற்கும். ஆனால் டேங்க் மட்டும் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். இது காரைக்கால்காரர்களின் பிடிவாதம். இங்கே பெட்ரோல் மலிவு என்று தமிழ்நாட்டு வண்டிகள் எல்லை தாண்டி வந்து நிரப்பிக்கொண்டு போகின்றன. உள்ளூர்க்காரன் காலி டேங்கோடு வெளியூர் கிளம்பினால் அவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்பார்கள். "டேங்க் ஃபுல்லா இருக்கு" என்று சொல்லும்போது என் கணவரின் குரலில் ஒரு ஜமீன்தார் எட்டிப் பார்ப்பார்.

பங்கில் இப்போது ஊற்றுவது எத்தனால், அதாவது சாராயச் சத்து, கலந்த பெட்ரோல். பழைய காரின் ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது, நாள்பட நின்றால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்ட எங்கள் மகள் போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். "நம்ம ஊருக்குக் குடிக்க வர்ற கூட்டம் போதாதுன்னு காருக்கும் ஊத்திக் குடுக்குறீங்களாப்பா?" என்று கேலி செய்தாள். அவரும் யோசித்தார். யோசித்து, அதே பங்கில் விலை கூடுதலான பெட்ரோலுக்கு மாறினார். விலை கூடினால் வயதான எஞ்சினுக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டார். அதிலும் எத்தனால் உண்டா என்று அவர் கேட்கவே இல்லை.

மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவரும் நாள் வந்தது. பிறந்த குழந்தையாக அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த கார் இது, இதில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். வாடகை வண்டி எடுக்கலாம் என்றேன்.

"டேங்க் ஃபுல்லா இருக்கு. பயப்படாம ஏறு."

போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போதுதான், அன்று சனிக்கிழமை என்பது இருவருக்கும் உறைத்தது. திருநள்ளாற்றுக்கு முன்பே கூட்டம். வண்டிகள் நகர்ந்தன, நின்றன, நகர்ந்தன. பின்சீட்டில் மகள் என் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். ஒரு கை வயிற்றின்மேல் கிடந்தது. எஞ்சின் சூடேறிக்கொண்டே போனது, காரின் தரைவழியாகக் காலில் தெரிந்தது.

அப்போது அந்த வாடை வந்தது. ஷெட்டில் வந்த பழைய வாடை இல்லை. பச்சையாக, கண்ணைக் கரிக்கிற வாடை.

"ஏங்க, ஓரம் கட்டுங்க."

"இந்தக் கூட்டத்துல எங்க நிறுத்துறது? தாண்டட்டும்."

என் ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் டீக்கடை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு மனிதர் எங்கள் பானெட்டில் கை ஊன்றி பீடி குடித்துக்கொண்டிருந்தார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது என்று தாய்மார்களைச் சொல்வார்கள். அன்று நெருப்பு வெளியே நின்றது, வயிற்றுப்பிள்ளைக்காரி என் மடியில் இருந்தாள்.

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிக் கத்தியதில்லை. நிறுத்திவிட்டார். தூக்கம் கலையாத மகளை இழுக்காத குறையாக இறக்கி, மாதாவே மாதாவே என்று முனகிக்கொண்டு, தூரத்தில் ஒரு லாட்ஜ் வாசலுக்கு நடத்திச் சென்றேன். அவளால் வேகமாக நடக்க முடியவில்லை. "என்னம்மா, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் அவள் முதுகைத் தாங்கி லாட்ஜ் படியில் உட்கார வைத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அவர் பானெட்டைத் திறந்துகொண்டிருந்தார். உள்ளே ஒரு பார்வை. உடனே இரண்டு கைகளையும் வீசி ஆட்களை விரட்டினார். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். பீடிக்காரர் ஓடினார். என் கணவர் எங்களை நோக்கி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பெட்ரோல் குழாய் ஊறி, அப்பளம்போல உப்பி வெடித்து, சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்ததாம். அதை அவர் பிறகுதான் சொன்னார். அப்போது மகளின் வயிற்றைப் பார்த்தபடி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"டேங்க் ஃபுல்லா இருக்கு."

தீப்பிடிக்கவில்லை. எஞ்சின் ஆறியபின் ஆட்கள் காரைத் தள்ளி ஓரமாக நிறுத்தினார்கள். நாங்கள் ஆட்டோவில் வீடு வந்தோம். பிறகு எத்தனாலைத் தாங்கும் குழாய்களாகப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றினார். விலைகூடிய பெட்ரோலை விட்டார், அது வேறு எஞ்சின்களுக்கானது என்று இப்போது தெரியும். எத்தனாலே இல்லாத பெட்ரோலைத் தேடிப் பார்த்தார். ஊரெல்லாம் பெட்ரோலுக்கு வருகிற எங்கள் ஊரில் எங்கள் காருக்கானது கிடைக்கவில்லை. கிளம்புகிற அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் போடுகிறார். மீதி நாளெல்லாம் டேங்கில் அடிமட்டம்தான்.

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவர வேண்டிய காலையில் அவர் காரைத் துடைத்து வாசலில் நிறுத்தினார். ஏறவில்லை. என்னைக் கூப்பிட்டு பானெட்டைத் திறந்து வைத்தார்.

"நீ மோந்து பாத்துச் சொல்லு."

இத்தனை வருஷத்தில் என் மூக்குக்குக் கிடைத்த முதல் மரியாதை. குனிந்து எல்லா இடத்திலும் முகர்ந்தேன். ஒரு வாடையும் இல்லை. குழாயெல்லாம் புதிது, சுத்தம். எனக்கே தெரிந்தது.

"ஆட்டோ கூப்பிடுங்க" என்றேன்.

சூடு கண்ட பூனை என்று கேலி செய்வார் என்று காத்திருந்தேன். அவர் பானெட்டை மெதுவாக மூடிவிட்டு, தெருமுனைக்கு ஆட்டோ பிடிக்கப் போனார்.