சாமி மேடைக்குப் பின்னால் ஒரு பெட்டி

வசுந்தராவை வேலையிலிருந்து துரத்திவிட்டார்களாம், அதனால்தான் வீட்டோடு கிடக்கிறாளாம்! பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் கீழ்வீட்டு இராஜம்மா லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் ஓதுகிற கதை இது. யாரும் துரத்தவில்லை. அப்பா சீவரத்தினத்தைப் போலவே அரசாங்க வேலையில் இருந்தவள், அவளாகத்தான் விட்டாள்.

இப்போது சேர்ந்திருப்பது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்னக் கம்பெனி. உள்ளங்கை அகலத்தில் பெட்டி செய்கிறார்கள், உள்ளே லினக்ஸ் என்ற கணினி மென்பொருள் ஓடும். சாப்பாட்டுக் கடையில் மாட்டினால் மேசையில் சொல்கிற ஆர்டர் வைஃபையில் குசினிக்கு, சமையல்காரர் பார்க்கிற திரைக்குப் போய்விடும். கிள்ளானில் நாச்சியப்பன் கடைப் பெட்டி ஒழுங்காக ஓடினால் வசுந்தராவுக்கு வேலை நிரந்தரம். அதுவரை வீட்டிலிருந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

பெட்டியோ ஊர்ந்தது.

"தங்கச்சி, தோசை கேட்டவரு கோவிச்சிக்கிட்டுப் போயே போயிட்டாரு. ஆர்டர் இப்பத்தான் உள்ள வருது லா!" என்று நாச்சியப்பன் ஃபோனில் கத்தினார்.

வசுந்தரா பெட்டியை வீட்டுக்கு வாங்கி வந்தாள். ஒரு கையில் அது, மறு கையில் லேப்டாப், நடைபாதை முழுக்க அலைந்தாள். அதைப் பார்த்துத்தான் இராஜம்மா, "பொட்டிகிட்ட பேசுது பிள்ள" என்றாள். பேசவில்லை, வேகத்தை அளந்தாள். சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வைஃபை கண்ணயர்ந்துவிடுகிறது. ஆர்டர் வந்தால் மெல்ல எழுந்திருக்கிறது. அந்த அமைப்பை அணைத்தாள். கிள்ளானுக்குக் கொண்டுபோய் கவுண்டரில் வைத்துப் பார்த்தாள். பறந்தது.

மறுநாள் மறுபடி ஃபோன். மறுபடி ஊர்கிறதாம்.

"திரும்ப அரசாங்க வேலைக்கே கேட்டுப் பாரன், பிள்ளை," என்றார் சீவரத்தினம். அவள் கிள்ளானுக்கு ரயில் ஏறினாள்.

கவுண்டரில் பெட்டியைக் காணோம்.

"புதுச் சாமான் வெளிய இருந்தா கண்ணு படும்லா," என்றாள் நாச்சியப்பன் மனைவி உமையாள் ஆச்சி. "மொதல்ல வெச்ச எடத்துலயே வெச்சிட்டேன்."

சாமி மேடையில், முருகன் படத்துக்கும் பெரிய பித்தளைத் தாம்பாளத்துக்கும் பின்னால், சந்தனமும் குங்குமமும் வைத்துப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அத்தனை பித்தளையைத் தாண்டி வைஃபை எப்படி வரும்?

"இதை எடுக்கணுமே, ஆச்சி."

"முருகன்கிட்ட இருந்து எடுக்க மாட்டேன்."

குரலே சொன்னது, மாட்டாள் என்று. வசுந்தரா சிரித்துவிட்டாள். பெட்டியை அங்கேயே விட்டு, நீள வயர் வைத்த ஆன்டெனா ஒன்றை அதில் செருகி, தாம்பாளத்துக்கு மேலே கதவு நிலை வரை ஏற்றினாள். மதியக் கூட்டத்தில் வாய் மூடுமுன் ஆர்டர் குசினிக்குப் போனது. ஆச்சி நாற்காலி போட்டு ஏறி, ஆன்டெனாவுக்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

"செராஸ்ல இருக்கிற நம்ம இன்னொரு கடைக்கும் ஒண்ணு போடு தங்கச்சி," என்றார் நாச்சியப்பன்.

திங்கட்கிழமை காலை கம்பெனி அட்டை வசுந்தராவின் கழுத்தில் தொங்கியது. சீவரத்தினம் அவளுடைய சப்பாத்துச் சோடியைத் துடைத்து வாசலில் வைத்தார். லிஃப்ட் அருகே இராஜம்மா.

"என்னா வசு, இன்டர்வியூவா?"

"வேலைக்கு, அக்கா," என்று சொல்லிக்கொண்டே வசுந்தரா லிஃப்டில் ஏறினாள்.