இன்பமேரியின் பூசணப் பகை

ஏற்காட்டு மலையில் எங்கள் கொட்டச்சேட்டில் ஆனி பிறந்துவிட்டால் செடியில் பூப்பதைவிட வீட்டுக்குள் பூப்பதுதான் அதிகம். செருப்பு பூக்கும், பெல்ட் பூக்கும், கல்யாணக் கோட்டு பூக்கும், செபப் புத்தகத்தின் அட்டைகூடப் பூக்கும். மூடுபனி யாரையும் கேட்காமல் உள்ளே வந்து கட்டில் வரைக்கும் உட்கார்ந்துகொள்ளும். துணியில் கரும்புள்ளி விழுந்தால் நாங்கள் எல்லாம் 'மலையில் இருந்துகொண்டு என்ன செய்வது' என்று உதறி உடுத்திக்கொண்டு பூசைக்குப் போய்விடுவோம். இன்பமேரியால் அது முடியாது. அவளுக்கும் பூசணத்துக்கும் ஜென்மப் பகை.

அவள் எனக்கு அடுத்த வீடு. புருஷன் சிங்கராயர் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். ஒரே மகன் கிறிஸ்துதாஸுக்கும் அதே எஸ்டேட் ஆபீசில்தான் வேலை. நான் கயிற்றில் ஒரு துண்டைப் போட்டால் போதும், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சர்க்கரைக் குரல் வரும்.

"ஏன் கண்ணு அற்புதம், உங்கூட்டுத் துண்டு நொம்ப நல்லாப் பூத்திருக்குதே. விதைக்கு வச்சிருக்கியா?"

நானும் சிரித்து வைப்பேன். சிரித்துவிட்டு உள்ளே வந்து பல்லைக் கடித்துக்கொள்வேன்.

வித்தை அவளிடம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். புள்ளி விழுந்த துணியை நம்மைப்போல எடுத்தவுடனே தண்ணீரில் முக்கமாட்டாள். நனைத்தால் புள்ளி இன்னும் பரவும் என்பாள். முதலில் அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்து, வாசலுக்குக் கொண்டுபோய்த் தேங்காய் நாரால் தேய்த்து உதறுவாள். அப்புறம் எலுமிச்சம்பழமும் உப்பும், அதற்கும் அடங்காவிட்டால் புளித்த மோரில் ஊறல். மழைக்காலத்தில் துணிக்குக் கஞ்சி போடமாட்டாள். பூசணத்துக்கு நாமே சோறு போடுவதா என்று கேட்பாள். பீரோவுக்குள் ஒரு தகர டப்பா நிறைய அடுப்புக்கரி இருக்கும். சிங்கராயர் நனைந்த சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டால், அன்றைக்குச் சோறு வந்தாலும் குழம்பு வராது.

எல்லாம் செய்தாலும் கடைசியில் வெயில் வேண்டுமே. அதை மேலே யாரும் விற்கவில்லை. ஆகவே அவள் வெயில் இருக்கிற இடத்துக்குத் துணியை அனுப்பினாள். எங்கள் ஊரைத் தாண்டி இறங்குகிற பஸ் அடிவாரத்துக் குப்பனூரில் நிற்கும். மேலே மழை கொட்டும்போது அங்கே பல்லைக் காட்டிக்கொண்டு வெயில் அடிக்கும். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்த பெரியநாயகம் சிங்கராயருக்குத் தூரத்து உறவு. அவர் வீட்டுக் கொல்லையில் நீளமாக ஒரு கொடி உண்டு. சனிக்கிழமை மதியம் ஆபீஸ் முடிந்ததும் கிறிஸ்துதாஸ் துணி மூட்டையோடு பஸ் ஏறுவான். ஞாயிற்றுக்கிழமை கீழே உள்ள கோயிலிலேயே பூசை பார்த்துவிட்டு, காய்ந்த துணியோடு மேலே வருவான். கண்டக்டர் மூட்டைக்கு லக்கேஜ் கேட்கத் தொடங்கிய பிறகும் இந்தப் போக்குவரத்து நிற்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினாள்.

பெண் பார்க்கிற வேலையை அவள் மழைக்காலத்தில்தான் வைத்துக்கொள்வாள். வெயில் காலத்தில் எந்த வீடும் சுத்தமாகத்தான் தெரியும் என்பது அவள் எண்ணம். போனதும், "கை கழுவணுங்க" என்பாள். துண்டு கொடுப்பார்கள். துடைக்கிற சாக்கில் முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பாள். ஏற்காட்டு டவுனில் ஒரு டீச்சர் பெண். லட்சணமான பெண், நானும் கூடப் போயிருந்தேன். தலையணை உறையில் மிளகு தூவினதுபோல் புள்ளி இருந்தது, வேண்டாம் என்றுவிட்டாள். கிளியூர்ப் பெண்ணின் வீட்டுத் துண்டில் ஈர வாடை. இன்னொரு வீட்டில் திரு இருதயப் படத்துக்கு முன்னால் விரித்த துணியைத் திருப்பிப் பார்த்தாள்.

"சேசுவுக்கே பூசணத்த விரிச்சு வச்சிருக்கறாங்க. எம்மவனுக்கு மட்டும் வெளுத்ததா விரிக்கப் போறாங்க?" என்று வழி நெடுகப் புலம்பினாள்.

சிங்கராயர் அதிகம் வாய் திறக்காதவர். அவரே ஒருநாள் கேட்டுவிட்டார்.

"நாம பையனுக்குப் பொண்ணு பாக்கறமா, ஊட்டுக்குத் துவைக்க ஆள் எடுக்கறமா?"

அன்றைக்கும் குழம்பு வரவில்லை.

கிறிஸ்துதாஸ் முப்பதைத் தாண்டினான். கூடப் படித்தவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். அவனுக்கு முன்நெற்றி ஏறிக்கொண்டே போனது. மகனுடைய காலரைத் தினம் திருப்பிப் பார்க்கிறவளுக்கு அதற்கு மேலே இருக்கிற தலை கண்ணில் படவில்லை. இவனுக்கு இனிமேல் கல்யாணமே இல்லையா என்று எங்களுக்குத்தான் கவலை.

அந்த வருஷம் பங்குனியில் ஒரு வேடிக்கை. மலையில் மழையும் இல்லை, பனியும் இல்லை. காப்பிக் களத்தில் கால் வைக்க முடியாத வெயில். கிறிஸ்துதாஸ் சனிக்கிழமை துணி மூட்டையோடு பஸ்சுக்கு நிற்கிறான்!

"ஏன் தம்பி, இங்கியே இத்தன வெயிலு கெடக்குதே?" என்று கேட்டேன்.

"அங்க இன்னும் நல்லாக் காயுமுங்கக்கா" என்றான். காது சிவந்திருந்தது. சட்டையில் சென்ட் வாசனை வேறு.

பஸ் ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேருக்கும் விளங்கியது. பெற்றவளுக்கு மட்டும் விளங்கவில்லை. சித்திரையிலும் மூட்டை போனது. வைகாசியிலும் போனது. அவள் ஒவ்வொரு சட்டையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "குப்பனூர் வெயிலு தங்கமாதிரி இருக்குது" என்று மெச்சிக்கொண்டாள்.

ஐப்பசியில் அவனே வாயைத் திறந்தான். பெரியநாயகத்தின் மகள் ஆரோக்கியசெல்வியைத்தான் கட்டிக்கொள்வேன், இல்லையென்றால் யாரும் வேண்டாம் என்றான். இன்பமேரி கத்தவில்லை. "மொதல்ல ஊட்டப் பாக்கறேன்" என்றாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். கொட்டுகிற மழையில் பஸ் ஏறி, கண் கூசுகிற வெயிலில் இறங்கினோம்.

அந்தப் பெண்ணைப்போல் ஒரு சோம்பேறியை நான் கண்டதில்லை. நேற்று துவைத்த துணி பிழிந்தபடியே வாளியில் கிடந்தது. ஈரத்துண்டு நாற்காலியில் சுருண்டு கிடந்தது. கொடியில் இருந்த சேலை எத்தனை நாளாக அங்கே தொங்குகிறதோ. காரியம் கெட்டது என்று நினைத்தேன். இங்கே பூசணம் இல்லாமலா போகும் என்று இன்பமேரிக்கு முகமெல்லாம் களை. கை கழுவித் துண்டை வாங்கி முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். தலையணையைப் புரட்டினாள். பெட்டியைத் திறக்கச் சொல்லி அடித்துணி வரைக்கும் பிரித்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். ஒரு புள்ளி இல்லை. வெயிலின் வாசனையைத் தவிர வேறு வாசனையும் இல்லை.

"எப்படிம்மா துணி காயப்போடுவே?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"கொடியில போட்டுருவனுங்க. ஞாபகம் வந்தா எடுப்பனுங்க" என்றது பெண்.

"பூசணம் வந்தா என்ன பண்ணுவே?"

"அது சோத்துலதானுங்களே வரும்?"

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டேன். வேண்டாம் என்று சொல்ல இன்பமேரிக்குக் காரணமே கிடைக்கவில்லை. வேறு காரணம் பார்த்துப் பழக்கமும் இல்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது.

மருமகளை மேலே கொண்டுவந்து தொழில் கற்றுக்கொடுக்க அவள் தயாராகத்தான் இருந்தாள். மகன் அறைக்குப் புது மெத்தை போட்டாள். கிறிஸ்துதாஸோ எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு மாமனார் சைக்கிள் கடையிலேயே உட்கார்ந்துவிட்டான். இன்பமேரி கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொன்னான்.

"மேல கூட்டிட்டு வந்தா மொத மழையிலயே அவ சேல பூத்துருமுங்கம்மா. அப்புறம் அவளுக்கு உங்ககிட்ட என்ன மரியாத இருக்கும்? அவ அங்கியே இருக்கட்டுங்க."

எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. இத்தனை வருஷம் என் துண்டைப் பற்றிக் கேட்ட கேள்விக்கெல்லாம் சேர்த்து ஒருவன் பதில் சொல்லிவிட்டான் என்று நினைத்தேன்.

அடுத்த ஆவணியில் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மகன் கட்டிலில் விரித்த வெள்ளை விரிப்பை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போன வாரமும் அதைத்தான் தேய்த்தாள்.

"ஏனுங்கக்கா, ஆருமே படுக்காத துணிய எதுக்குங்க இப்படித் துவைக்கறீங்க?"

"ஆரும் படுக்கறதில்ல கண்ணு, அதனாலதான் பூக்குது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து விரிப்பைப் பிழிந்தோம்.