புயல் நாள் கடைக்காரி

மார்ல்கோம் ஊர்க்காரர்களின் பவிசைக் கேட்கவே வேண்டாம். அக்கரையிலிருந்து படகேறி வந்தவனெல்லாம் வந்தேறி, தீவில் பிறந்தவன் மட்டும்தான் மனிதன். அந்தக் கணக்கில் தெர்சா சீவர்ட்டனும் மனுஷிதான். ஆனால் அவள் கடையில் சாமான் வாங்கும் மனிதர்களைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டும்.

ஊருக்கு அது ஒன்றுதான் கடை. அப்பா போனபிறகு தனியாளாக நடத்தினாள். கல்யாணம் காட்சி என்று எதுவுமில்லை. காலையில் கதவைத் திறப்பதும் விற்காத ரொட்டியைச் சாயங்காலம் கோழிகளுக்குப் பிய்த்துப் போடுவதுமாகவே பிழைப்பு ஓடிவிட்டது. ஊரார் எல்லாம் வேண்டிய சாமானை அக்கரையிலிருக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனிலேயே சொல்லிவிடுவார்கள். படகில் வரும் அதன் வேன் அவள் வாசலைத் தாண்டித்தான் வீடு வீடாகப் போகும்.

புயலடித்துப் படகு நின்றுவிட்டால் மட்டும், "தெர்சா கண்ணு, பால் இருக்கா?" என்று குழைந்துகொண்டு வருவார்கள். வெயில் வந்ததும் அவளைக் கண்டுகொள்ள மாட்டார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்!

மார்ச் மாதம், கடையை மூடப்போவதாக எழுதிக் கதவில் ஒட்டினாள். ஊரே கொதித்தெழுந்தது. கடையைக் காப்பாற்ற ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஊராட்சித் தலைவர் ஹெட்லி அட்ரில் தலைமை. தெர்சா பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். இனிமேல் உன்னிடம்தான் வாங்குவேன் என்று யாராவது ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், ஒட்டியதைக் கிழித்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

மேஜையில் தேநீருக்கு வைத்திருந்த பால், சர்க்கரை, பிஸ்கட் எல்லாவற்றிலும் சூப்பர்மார்க்கெட் முத்திரை. ஒருத்தருக்காவது கூச வேண்டுமே!

"கடைதாங்க இந்த ஊரோட உசுரு!" என்றார் ஹெட்லி. கைதட்டல் ஓயவில்லை. "நம்ம தெர்சா பேர்ல வாசல்ல ஒரு பெஞ்சு போடுறோம்!"

பெஞ்சாம் பெஞ்சு.

தெர்சா எழுந்தாள். "ஏன் ஹெட்லி, போன வாரம் எங்கிட்ட என்ன வாங்குனீங்க?"

ஹெட்லி மென்று விழுங்கினார். "ஸ்டாம்ப்பு… இல்ல, அது போன வருசம்."

அவர் மனைவி கிளாரிஸ் முந்திக்கொண்டாள். "நாங்க வாங்காட்டி என்னம்மா? கடைன்னு ஒண்ணு இருக்குங்கறதே ஒரு தைரியம்தானே!"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் தலையாட்டினார்கள். இதுகளுக்காகவா இத்தனை வருஷம் விடியற்காலையில் எழுந்தோம் என்றிருந்தது தெர்சாவுக்கு.

கடை தொடர வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் ஹெட்லி. மண்டபமே கை தூக்கியது.

"எதிர்ப்பு யாராச்சும் உண்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

தெர்சா கையைத் தூக்கினாள். அவள் ஒருத்திதான்.

"என்னம்மா இது, உங்க கடைக்கு நீங்களே எதிர்ப்பா? அப்ப அடுத்த புயலுக்கு நாங்க என்னத்தக் குடிக்கிறது?"

தெர்சா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"சுத்தியும் கடல்தானே ஹெட்லி? மொண்டு குடிங்க."